கடை வைத்தவரெல்லாம் முதலாளியா?

(மர்பி டவுனில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே குமாஸ்தாவும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



இன்று என்னைப் பேசச் சொன்ன தலைப்பு ‘சிறுதொழிலும் தொழில் முனைவோரும்’ என்பது. நான் பத்தாவது வரை படித்தவன். தண்டவாளத்தில் கேங்மேனாக வேலை பார்த்த என் தகப்பனார் பணியிலிருக்கும்போதே காலமானதால் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. கடை வைத்தவனுமல்ல, கணக்குப் பாடம் படித்துப் பட்டம் வாங்கியவனுமல்ல. ஆகவே, இந்தத் தலைப்பில் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால் அதில் தவறில்லை. அதற்குப் பதிலை என் பேச்சின் நடுவில் சொல்கிறேன். சொல்வதற்குச் சிறிது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லியே தீருவேன்.

முதலில் நம் ஊரைப் பாருங்கள். இந்த மர்பி டவுனுக்கு முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். பிறகுதான் கண்டோன்மெண்டில் இருந்த மர்பி என்ற பொறியாளரின் பெயர் வந்தது. நம் முன்னோர் இங்கே வந்தது எதற்காக? வெள்ளைக்காரன் பட்டாளம் 1800-களின் தொடக்கத்தில் அல்சூர்ப் பக்கம் பாளையம் இறங்கியது. பட்டாளத்துக்குச் சமைக்க, துவைக்க, குதிரை பராமரிக்க, கல் உடைக்க, சாலை போட ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் நம் மக்கள் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வருகிற வழி இன்னும் சுலபமாயிற்று. உழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அப்படி வந்தவர்களில் தொழில் செய்து மேலே போனவர்களும் உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற பெயரைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கிறதே அத்தாரா கச்சேரி, இன்றைய உயர் நீதிமன்றம், அது 1864-க்கும் 1868-க்கும் இடையில் கட்டப்பட்டபோது கட்டுமான ஒப்பந்தம் எடுத்தவர் அவர். சம்பாதித்ததில் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். இது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கட்டிடத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆனார். ஆயிரம் பேர் கூலிகளாகவே இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேளுங்கள்.

என் மகள் பி.காம். படிக்கிறாள். அவளுடைய பாடப் புத்தகத்தை ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்து புரட்டினேன். தொழில் முனைவோர் நான்கு வகை என்று அதில் போட்டிருந்தது. கிளாரன்ஸ் டான்ஹாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பிரித்த வகைகளாம் அவை. நம் ஊர் உதாரணத்தோடு அவற்றைச் சொல்கிறேன்.

முதல் வகை, புதியதைப் படைப்பவர். எவரும் செய்யாததைச் செய்து பார்ப்பவர். கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தவர். 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். படிப்பில்லாதவனுக்கு மூளை இல்லை என்று சொல்லுகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

இரண்டாம் வகை, பார்த்துக் கற்றுச் செய்பவர். அடுத்தவர் கண்டுபிடித்ததைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் செய்பவர். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்த வறண்ட மண்ணில் அது ஊன்றியது. பிறகு பட்டாசும் அச்சகமும் வந்தன. ஒரு ஊரே தலைநிமிர்ந்தது உண்மை. அதே சிவகாசிப் பக்கத்தில் சிறு பிள்ளைகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கியதும் உண்மை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் உண்மை. தொழில் வளர்ந்த கதையைச் சொல்லும்போது தொழிலாளி செத்த கதையையும் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை.

மூன்றாம் வகை, தயங்குபவர். ஃபேபியஸ் என்று ஒரு ரோமானியத் தளபதி இருந்தாராம். எதிரியோடு நேரே மோதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் பெயரால் இவர்களை அழைக்கிறார்கள். காலம் மாறிவிட்டது என்று இவருக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்துக் கடைக்காரன் மாறி, அவன் பிழைத்துக்கொண்டான் என்று கண்ணால் பார்த்த பிறகே மாறுவார்.

நான்காம் வகை, எது நடந்தாலும் மாறாதவர். வருமானம் குறைந்தாலும் பழைய முறையை விடமாட்டார். வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை, எஸ்.டி.டி. பூத், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எல்லாம் நம் தெருக்களில் இருந்தனவே, இன்று எங்கே? சிலர் நேரத்தோடு மாறினார்கள். சிலர் கடைசி வரை பலகையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தகம் இத்தோடு முடிகிறது. படித்து முடித்ததும் நான் மகளிடம் கேட்டேன்: “நம்ம தெருமுனையில இட்லி வண்டி போடற அக்கா இதுல எந்த வகைம்மா?” அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எதுலயும் வரலைப்பா.”

தோழர்களே, இன்றைய பேச்சின் மையம் அதுதான். புத்தகத்தில் இல்லாத ஐந்தாம் வகை ஒன்று இருக்கிறது. அது வேறு வழி இல்லாமல் தொழில் செய்பவர். வேலை போனது, அதனால் வண்டி போட்டார். கணவர் இறந்தார், அதனால் பூக்கட்டுகிறார். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு எத்தனை குடும்பங்கள் விடியற்காலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வந்து போகின்றன என்பதைத் தினமும் பிளாட்பாரத்தில் பார்க்கிறவன் நான். அவர்களில் சிலர் கூலி வேலைக்கு வந்து, பிறகு கையில் ஒரு கூடையோடு தெருவில் இறங்கினார்கள். இவர்கள் லாபத்தைத் தேடி வரவில்லை. பசி அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. மர்பி டவுனில் கடை வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஐந்தாம் வகையே என்பது என் அபிப்பிராயம்.

இவர்களை ‘முதலாளி’ என்று அழைக்கிறோம். “என்ன முதலாளி, வியாபாரம் எப்படி?” என்று தெருவில் கேட்கிறோம். உண்மையில் முதல் யாருடையது? ஒரு கணக்குப் போடலாம். இது உதாரணக் கணக்கு. உங்கள் எண்ணை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

இட்லி வண்டி. காலை நான்கு மணிக்கு எழுந்து பன்னிரண்டு வரை வேலை. தாயும் மகளும் இரண்டு பேர். அன்றைய விற்பனை 1,800 ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய், காய், கேஸ் எல்லாம் 1,100. மீதி 700. இடத்துக்கும் தண்ணீருக்கும் 50. தினத் தவணைக் கடன் இரண்டுக்கு நூறு நூறாக 200. கையில் நிற்பது 450. இரண்டு பேர் எட்டு எட்டு மணி நேரம், ஆக 16 மணி நேர உழைப்பு. 450-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 28 ரூபாய். இதுதான் ‘முதலாளி’யின் வருமானம்! இதில் வண்டித் தேய்மானம் இல்லை, காய்ச்சலில் படுத்த நாளின் நஷ்டம் இல்லை, மழை நாள் இல்லை. அந்தக் கடன் இரண்டும் இல்லாதிருந்தால் 650 ரூபாய் நிற்கும். மணிக்கு 40 ரூபாய் ஆகும். மாவு கூடவில்லை, கூட்டம் கூடவில்லை. கடன் போனாலே கூலி ஏறிவிடுகிறது. கவனியுங்கள்.

இனி அந்தத் தினத் தவணையைப் பாருங்கள். ‘பத்தாயிரம் கடன், தினம் நூறு, நூறு நாள்’ என்கிறான். கேட்க இலேசாக இருக்கிறது. ஆனால் கையில் கொடுப்பது 9,000 தான். ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொள்கிறான். 9,000-க்கு ஆயிரம் வட்டி என்றால் பதினோரு சதவிகிதம்தானே என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். நாளுக்கு நாள் நாம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் நம் கையில் நூறு நாளும் இருந்த பணம் பாதிதான், சுமார் 4,500. அந்த 4,500-க்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 75 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. வங்கியில் ஆண்டுக்கு 12 சதவிகிதம் என்றே வைத்துக்கொண்டாலும் இதே பணத்துக்கு இதே நூறு நாளில் சுமார் 150 ரூபாய்தான் வட்டி. மீதி 850 ரூபாய் எதற்கு? நம்மிடம் காகிதம் இல்லை என்பதற்கு. வங்கி வாசலை மிதிக்க நாம் பயப்படுகிறோம் என்பதற்கு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி வாங்குகிற மீட்டர் வட்டிக்காரனோ ஆண்டுக்கு 120 சதவிகிதம் வாங்குகிறான்.

இப்போது நான் முதலில் சொன்ன கடனை அடைக்கிறேன். எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்விக்குப் பதில்.

எனக்கு ஒரு தம்பி. பதினைந்து வயதில் தையல் கற்றான். நல்ல கை. 2016-இல் இங்கே சின்னதாய்க் கடை போட்டான். சம்பளக்காரன் என்பதால் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். முதல் இரண்டு ஆண்டு நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஆயத்த ஆடை, செல்போனில் ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கு வரும் துணி. சட்டை தைக்க ஆள் குறைந்தது. வாடகைக்காக ஒரு தினத் தவணை வாங்கினான். அதைக் கட்ட இன்னொன்று. அதைக் கட்ட மூன்றாவது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, நான் கேட்கவில்லை என்பதே சரி. மேடையில் தொழிலாளர் ஒற்றுமை பேசிவிட்டு வீட்டுக்குப் போய், “உனக்குச் சாமர்த்தியம் போதாதுடா, அடுத்த கடைக்காரன் பிழைக்கலையா?” என்று அவனைக் கேட்டேன். ஒரு தடவையல்ல, மாதா மாதம் கேட்டேன். 2019-இல் ஒரு இரவு அவன் ஊரைவிட்டே போய்விட்டான். மறுநாள் காலை வசூல்காரர்கள் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பதினோரு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். அவனுடைய பழைய நோட்டை எடுத்து நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அவன் கடை நஷ்டத்தில் ஓடவில்லை, தோழர்களே! வாடகை போக, நூல் பட்டன் போக, ஒரு சாதாரணக் கூலி அவனுக்கு நின்றிருக்கிறது. அதைத் தின்றது வட்டி. பள்ளிச் சீருடையும் பழுது தைப்பதும் ரவிக்கையும் என்று முதல் ஆண்டே திருப்பியிருந்தால், மூன்று கடனுக்குப் பதில் ஒரு வங்கிக் கடன் வாங்கியிருந்தால், மிஷின் இன்று வீட்டில் இருந்திருக்கும். சாமர்த்தியம் போதாதவன் அவனா, கூடப் பிறந்தும் கணக்கைக் கேட்காத நானா? அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். அதுதான் என் யோக்கியதை.

தம்பி இப்போது இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறான். அவனைக் கம்பெனி தொழிலாளி என்று அழைப்பதில்லை. ‘கூட்டாளி’ என்கிறது! வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விழுந்தால் அடிபடுகிற காலும் அவனுடையது. விலையை நிர்ணயிப்பது மட்டும் கம்பெனி. இதுவும் ஒரு வகைத் ‘தொழில் முனைவு’ என்று நமக்குச் சொல்கிறார்கள். விலையும் நேரமும் தன் கையில் இல்லாதவன் கூட்டாளி அல்ல, கூலியாளே. கர்நாடகத்தில் இவர்களுக்காக 2025-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை நலநிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அது கேட்காமல் கிடைத்ததல்ல. வண்டி ஓட்டுகிற பையன்கள் சங்கமாகக் கூடிக் கேட்டதால் வந்தது. வீட்டில் மிஷின் போட்டுப் பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கிற நம் பெண்களும் இந்த இனமே. மிஷின் சொந்தம் என்பதால் அவர்கள் முதலாளிகள் ஆகிவிடுவதில்லை.

அப்படியானால் சிறுதொழிலே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேலை கொடுக்க வேண்டிய சர்க்காரும் கம்பெனியும் கொடுக்காதபோது நம் மக்கள் தம் கையை நம்பி நிற்பது கௌரவமான காரியம். நம்மில் எவரும் தனியாக நிற்கக் கூடாது என்பதே நான் சொல்வது. செய்ய வேண்டிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கணக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. உங்கள் கூலியையும் செலவில் எழுதுங்கள். அதை எழுதாதவரை லாபமா நஷ்டமா என்று தெரியாது. 2025 ஜூலையில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? யு.பி.ஐ.-இல் வந்த தொகையைக் காட்டி வணிக வரித்துறை பெங்களூரின் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. நோட்டீசு அனுப்பியது. கடைக்காரர்கள் பயந்துபோய்ப் ‘பணம் மட்டுமே’ என்று அட்டை எழுதி மாட்டினார்கள். எல்லோரும் கூடிக் குரல் எழுப்பிய பிறகே அரசு இறங்கி வந்தது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு வேண்டும். பால், காய்கறி போன்றவற்றுக்கு வரியே இல்லை. நாம் பார்த்த இட்லி வண்டியின் ஆண்டு விற்பனை ஏழு லட்சத்தைக்கூடத் தொடாது. ஆனால் செல்போனில் வந்தது வியாபாரப் பணமா, சீட்டுப் பணமா, மச்சான் அனுப்பிய கைமாற்றா என்று நாளைக்கு ஒருவன் கேட்டால், நோட்டு இருந்தால்தான் பதில் இருக்கும்.

இரண்டு, காகிதம். தெருவில் வியாபாரம் செய்பவர்களுக்கென்று 2014-இல் மத்தியச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. இடம் மாற்ற வேண்டுமானால் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றே, மற்றவையானால் இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாய்மார்களே, அந்த நாற்காலி உங்களுக்காகப் போட்டது. தராசைத் தூக்கிக்கொண்டு போகிறவனிடம் “பட்டியல் கொடுங்கள் ஐயா” என்று கேட்க உங்களுக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது.

கடை வைத்திருப்பவர்கள் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆயிரம் கொடு, இரண்டாயிரம் கொடு என்கிற தரகரை நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் இரண்டரைக் கோடி வரை முதலீடும் பத்துக் கோடி வரை விற்பனையும் உள்ள தொழில் எல்லாம் ‘குறுந்தொழில்’ என்ற ஒரே பெயரில் வருகிறது. பத்துக் கோடிக்கு விற்கிறவனும் நம் பூக்காரம்மாவும் ஒரே வகையாம்! சலுகை வருகிறபோது யார் முந்திக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நாம் வரிசையில் முன்னாலேயே போய் நிற்க வேண்டும்.

மூன்று, கடன். கடனே வாங்காதே என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை; யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன். தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டம் 2020-இல் பத்தாயிரம் ரூபாய் முதல் கடனோடு தொடங்கியது. 2025-இல் முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதற்கடுத்து 50,000 என்று ஆக்கி, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். வட்டியில் ஏழு சதவிகிதம் மானியமாகத் திரும்பி வரும். கடைக்காரர்களுக்கு 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ஐம்பதாயிரம் வரை முதல் பிரிவு. வசூல்காரன் வீட்டு வாசலில் நின்று மிரட்டினால், பெண்களை இழிவாகப் பேசினால், அதைத் தலைவிதி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். கடன் வசூலில் கொடுமை செய்பவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் என்று 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தற்கொலைகள் நடந்த பிறகே அது வந்தது என்பதை மறக்கக் கூடாது. வசூல்காரன் வந்தால் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். தனி ஒருத்தியிடம் கத்துகிறவன் இருபது பேருக்கு முன்னால் மெதுவாகத்தான் பேசுவான்.

நான்கு, கூட்டு. எல்லாவற்றிலும் பெரியது இதுதான். தனி உரிமைக் கடை ஒரு வகை. இரண்டு மூன்று பேர் சேரும் பங்குத் தொழில் ஒரு வகை. பங்கு சேர்ந்தால் அண்ணன் தம்பியானாலும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை கூட்டுறவு. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளிகளைத் தெருவில் விட்டபோது, ஏ.கே.கோபாலன் போன்ற தலைவர்களின் ஊக்கத்தில் தொழிலாளிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதில் முதலாவது சங்கம் பிறந்தது இந்தப் பெங்களூரில், 1957 ஆகஸ்டில்! எம்.ஜி. ரோட்டில் இருந்த இந்தியன் காபி ஹவுஸில் தலைப்பாகையோடு காபி கொண்டு வந்து வைத்த மனிதர் பரிமாறுகிறவர் மட்டுமல்ல, பங்குதாரரும்கூட. பம்பாயில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் உலர்த்தத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்கள், வங்கி மதிக்கவில்லை என்றதும் 1974-இல் தங்களுக்கென்றே வங்கி வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் அவர்களில் பலர். சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் அம்மையார் உழைக்கும் பெண்கள் சங்கத்தைக் கட்டியதும் மீன்காரம்மா, பூக்காரம்மா, இட்லிக் கடை அம்மா இவர்களை வைத்துத்தான்.

தென்பாண்டி நாடார் சமூகத்தார் ‘மகமை’ என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் போட்டுப் பள்ளியும் சத்திரமும் கட்டினார்கள். 1921-இல் தூத்துக்குடியில் வங்கியே வைத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடிய வழி அது. நாம் அதைச் சாதியின் பெயரால் செய்ய வேண்டியதில்லை, தெருவின் பெயரால் செய்யலாம். இந்தத் தெருவில் ஐந்து இட்லி வண்டி இருக்கிறது. ஐந்து பேரும் தனித்தனியாகச் சில்லறை விலையில் உளுந்து வாங்குகிறார்கள். சேர்ந்து ஒரு மூட்டை வாங்கினால் விலை குறையாதா? ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்து ஐந்து பேரும் நலிவதா, சேர்ந்து வாங்கி ஐந்து பேரும் நிமிர்வதா?

இங்கே ஒரு வார்த்தை மொழியைப் பற்றி. நம் வீட்டில் தமிழ் வாழட்டும், பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும். அதே சமயம், இந்த மண்ணில் வியாபாரம் செய்கிற நாம் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும். விண்ணப்பம், நோட்டீசு, உரிமம் எல்லாம் கன்னடத்தில்தான் வருகின்றன. கடைப் பலகையில் அறுபது சதவிகிதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டமும் ஆகிவிட்டது. அதைப் பகையாக எண்ணாதீர்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நடந்த கலவரத்தில் எரிந்தது யார் கடை? பெருமுதலாளியின் கடையல்ல, நம்மைப் போன்றவர்களின் கூரை. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டு துணி சுற்றிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009-இல் திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். அந்த இணக்கம் நீடித்தால்தான் நம் வண்டி ஓடும். பக்கத்தில் வண்டி போடுகிற கன்னடக்காரருக்கும் அதே தினத் தவணைக்காரன்தான். கூட்டுறவுக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

தோழர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நம் சங்க அறையில் நானும் என் மகளும் உட்கார்ந்திருப்போம். என் தம்பியும் வருவான். அவனே கேட்டுக்கொண்டு வருகிறான். உங்கள் நோட்டைக் கொண்டு வாருங்கள். நோட்டு இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள், நோட்டு நாங்கள் தருகிறோம். யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், தினம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அறையில் சொன்னது அறையோடு நிற்கும். பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்தால், பத்து பேரையும் ஒரே நாளில் வங்கிக்கு அழைத்துப் போக நான் விடுப்பு எடுத்து வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ கடை வைத்திருக்கலாம். இன்று இரவு சாப்பிட்டதும், “வியாபாரம் எப்படி?” என்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “கடன் எவ்வளவு இருக்கு?” என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு தையல் மிஷினும் பதினோரு மாதமும் செலவாயிற்று. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.